முதல் நாள் காய்ச்சல்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நாட்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அணைகள், உருக்காலைகள், சாலைகள், மின் நிலையங்கள் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரிபவை, கணக்கிடக் கூடியவை. ஆயினும், திட்டங்களின் பயன் கடைக்கோடி வீட்டை எந்த அளவுக்குச் சென்றடைந்திருக்கிறது என்பதை அறிய வேறோர் அளவுகோலும் உண்டு. இரவு பத்து மணி. சாலையிலிருந்து விலகி நிற்கும் ஒரு சிற்றூரில் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கொதிக்கிறது. தந்தை பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கிறார். மறுநாள் வயலில் களையெடுக்கச் சென்றால்தான் தாய்க்குக் கூலி. அப்போது தாம் செய்ய வேண்டுவது யாது என்பது அத்தாய்க்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தாலும், அதைச் செய்வதற்கான வழி அவருக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா? இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையே அந்த அளவுகோல்.

குழந்தைகளின் காய்ச்சல் மருத்துவர்கள் மட்டுமே பேச வேண்டிய பொருள் என்று கருதுவோர் உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் குழந்தை மருத்துவரிடம் எந்த நாளில், எந்த நிலையில் வந்து சேருகிறது என்பதை முடிவு செய்பவை கல்வி, கூலி, போக்குவரத்து, ஊரளவில் அமைந்த பணியாளர் அமைப்பு ஆகியவை. எனவே இது வளர்ச்சி நிர்வாகத்தின் பொருளும் ஆகும்.

காய்ச்சலை அறிதல்

காய்ச்சல் தனியொரு நோய் அன்று. உடலுக்குள் ஏதோ நிகழ்கிறது என்பதற்கான அறிவிப்பு. நோய்க் கிருமிகள் உட்புகும்போது அவற்றை எதிர்ப்பதற்காக உடல் தன் வெப்பத்தை உயர்த்திக் கொள்கிறது. உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட். அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 37.5 டிகிரி சென்டிகிரேடு அல்லது அதற்கு மேல் காட்டினால் குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பதாகக் கொள்ள வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் தாய் புறங்கையால் தொட்டு அறிவதும் புறக்கணிக்கத் தக்கதன்று. குழந்தையின் உடல் சுடுகிறது என்று தாய் சொன்னால், அதை ஏற்றுக்கொண்டே மேற்கொண்டு பரிசோதிக்குமாறு சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

சிறு குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரசுகளால் வருபவை. சில நாட்களில் தாமாகவே தணிபவை. ஆகவே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. அதே சமயம், நிமோனியா, மலேரியா, மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி பரவும் நோய் ஆகியவையும் முதல் நாளன்று வெறும் காய்ச்சலாகவே தோன்றக்கூடும். இவற்றைப் பிரித்தறிவதில் வெப்பமானியின் எண் ஓரளவே துணை செய்யும். 39 டிகிரி காய்ச்சலிலும் பால் குடித்து, விளையாட்டுப் பொருளுக்குக் கை நீட்டும் குழந்தையைவிட, 38 டிகிரியில் துவண்டு கிடந்து பால் குடிக்க மறுக்கும் குழந்தையே மிகுந்த கவலைக்குரியது. குழந்தையின் நடத்தையைக் கவனிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள முதற்பாடம்.

கோரக்பூர் தரும் படிப்பினை

இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. அதைக் கிழக்கு உத்தரப் பிரதேசம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக் கொண்டது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955ஆம் ஆண்டில் அன்றைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் அறியப்பட்டது. நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கொசுக்கள் அந்நோயைப் பரப்புகின்றன. பன்றிகளும் நீர்ப்பறவைகளும் அதன் வைரசுக்கு இருப்பிடமாகின்றன. 1978ஆம் ஆண்டில் கோரக்பூர் வட்டாரத்தில் அது கொள்ளை நோயாக வெடித்தது. அதன் பின்னர் ஏறத்தாழ ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி அங்குக் குழந்தைகள் காய்ச்சலுடனும் வலிப்புடனும் நினைவிழந்து மருத்துவமனைகளை நிரப்பலாயினர். 2005ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். இதையடுத்து 2006ஆம் ஆண்டில் தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது.

தடுப்பூசிக்குப் பின் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது. ஆயினும் காய்ச்சலுடன் நினைவிழந்து வரும் குழந்தைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. வேறு காரணம் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடலாயினர். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உள்ளிட்ட நிறுவனங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளை ஒட்டி நடத்திய ஆய்வுகளில் ஓர் உண்மை தெளிவாயிற்று. பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் உண்ணிக் காய்ச்சலின் தடயம் காணப்பட்டது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் இளம் பருவம் கடிப்பதால் பரவும் நோய் இது. மழைக்காலத்தின் பிற்பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது. கடித்த இடத்தில் சிலருக்குக் கருமையான பொருக்குத் தோன்றும். பலருக்கு அதுவும் தோன்றுவதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்தை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரசை அழிக்கும் மருந்து இல்லை. உண்ணிக் காய்ச்சலோ பாக்டீரியாவால் வருவது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய விலை குறைந்த மருந்துகளுக்குக் கட்டுப்படுவது. பென்சிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் அதற்குப் பயன்படுவதில்லை. காய்ச்சலின் தொடக்க நாட்களிலேயே உரிய மருந்து கிடைத்தால் நோய் பெரும்பாலும் மூளையைத் தாக்குமுன் தணிந்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் ஒரு வார அளவில் வலிப்பும் மயக்கமும் தோன்றக்கூடும். அதன் பின் அக்குழந்தைக்குத் தேவைப்படுவது மாத்திரை அன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை. உயிர் பிழைக்கும் குழந்தைகளிலும் சிலர் வாழ்நாள் முழுவதும் ஊனத்துடன் வாழ நேரிடுகிறது.

இதன் பின்னர் அப்பகுதியில் நடவடிக்கைகளின் போக்கு மாறியது. மழைக்காலத்தில் காய்ச்சலுடன் வரும் குழந்தைகளுக்கு, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், உண்ணிக் காய்ச்சலுக்குரிய மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம் என்று அறிவுறுத்தப்பட்டது. வட்டார அளவிலான மருத்துவமனைகளில் மூளைக்காய்ச்சல் சிகிச்சை மையங்கள் வலுப்படுத்தப்பட்டன. 2018ஆம் ஆண்டு முதல் 'தஸ்தக்', அதாவது 'கதவைத் தட்டுதல்' என்னும் பெயரில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, காய்ச்சல் கண்ட அன்றே குழந்தையை அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு வருமாறு எடுத்துரைத்தனர். 2017ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டிருந்த மூளைக்காய்ச்சல் வகை இறப்புகள் 2019ஆம் ஆண்டில் இருநூற்றுக்கும் கீழ் இறங்கின. இதற்குத் தடுப்பூசி, நல்ல குடிநீர், கழிப்பிட வசதி, கொசு ஒழிப்பு, மருத்துவமனைகளின் முன்னேற்றம் எனப் பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் தனித்துக் கூறுவது முறையாகாது. எனினும், காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைக்கப்பட்டது அவற்றுள் தலையாயது எனலாம்.

அபாய அறிகுறிகள்

எல்லாக் காய்ச்சலுக்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டுமெனில் எந்த ஏழைக் குடும்பமும் தாங்காது. எந்த மருத்துவமனையும் தாங்காது. எனவே எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கவே கூடாது என்பதைப் பிரித்துக் காட்டும் எளிய விதிகள் தேவைப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 1990களில் இத்தகைய விதிகளைத் தொகுத்தன. பிறந்த முதல் வாரத்துக் குழந்தைகளையும் சேர்த்து அவற்றை இந்தியா தன் சூழலுக்கேற்ப அமைத்துக் கொண்டது. அவற்றின் சாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியதாகும்.

முதலாவது, வயது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வேறு எந்த அறிகுறிக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்வயதில் உடல் சில்லிட்டுப் போவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. வெப்பம் 35.5 டிகிரிக்குக் கீழே இறங்குதல், கை கால் அசைவு குறைதல், பால் குடியாமை, முனகல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் நேரத்தைக் கடத்தக் கூடாது.

இரண்டாவது, இரண்டு மாதத்துக்கு மேல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பொது அபாய அறிகுறிகள். அவை நான்கு: பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, துவண்டு கிடத்தல் அல்லது நினைவிழத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம்.

மூன்றாவது, மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. இந்த அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ அது வேகமான மூச்சு. நிமோனியாவின் அடையாளமாக இருக்கக்கூடும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் நிலைமை மேலும் கடுமையானது.

இவற்றுடன் கழுத்து விறைத்தல், கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்தல், உடலில் இரத்தப் புள்ளிகள் தோன்றுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவையும் உடனடிக் கவனத்துக்குரியவை. அபாய அறிகுறி ஏதும் இல்லாவிடினும் காய்ச்சல் ஓரிரு நாட்களில் தணியவில்லையெனில் சுகாதார நிலையத்தில் காட்டியாக வேண்டும். மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டெங்கு பரவும் காலத்தில் மற்றொரு எச்சரிக்கை தேவை. அந்நோயில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே தொடங்குகிறது. காய்ச்சல் விட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் குழந்தைக்குக் கடும் வயிற்று வலியோ, தொடர் வாந்தியோ, சோர்வோ இருந்தால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டுவன

அபாய அறிகுறி இல்லாத குழந்தையை வீட்டிலேயே பேணலாம். 'லங்கணம் பரம ஔஷதம்' என்னும் பழமொழியைச் சிறு குழந்தைகளிடம் பின்பற்றுதல் தீங்கு தரும். காய்ச்சலில் உடல் நீரையும் சக்தியையும் மிகுதியாக இழக்கிறது. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் கஞ்சி, பருப்பு நீர், கொதித்தாறிய நீர், வழக்கமான மென்மையான உணவு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை தர வேண்டும். கம்பளியால் இறுகப் போர்த்துவதைத் தவிர்த்து, மெல்லிய ஆடை அணிவித்துக் காற்றோட்டமான இடத்தில் கிடத்த வேண்டும்.

காய்ச்சல் 38.5 டிகிரியை எட்டினாலோ குழந்தை மிகவும் வருந்தினாலோ பாராசிட்டமால் தரலாம். அதன் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. கடைகளில் விற்கும் பாராசிட்டமால் மருந்து நீர் பல வீரியங்களில் கிடைப்பதால், ஒரே கரண்டி அளவு எல்லாப் புட்டிகளுக்கும் பொருந்தாது. அளவைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டறிவதே பாதுகாப்பு. இம்மருந்து வெப்பத்தைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதாலேயே அபாயம் நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தருதல் கூடாது. எஞ்சிப்போன பழைய ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாமாகவே தருதலும் கூடாது. பனிக்கட்டி நீரால் துடைப்பதும், சாராயம் கலந்த நீரைப் பூசுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். அந்நேரத்தில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியையோ துணியையோ நீரையோ திணிக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் பயன் இல்லை. வலிப்பு நின்றுவிட்டாலும் குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அக்கணமே புறப்பட வேண்டும். மூளைக்காய்ச்சல் நிலவும் பகுதியில் இதில் எவ்விதத் தயக்கமும் கூடாது.

தாமதத்தின் பொருளாதாரம்

இவ்விதிகள் எளியவை. எனினும் குழந்தைகள் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் மருத்துவமனைக்கு வந்து சேர்வது ஏன்? அறியாமை ஒன்றையே காரணமாகக் கூறுவது எளிது, நியாயமாகாது. கூலித் தொழிலாளியின் குடும்பம் மருத்துவமனைக்குச் செல்வதெனில் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வண்டிச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். மற்ற குழந்தைகளை ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். ஊரிலேயே இருக்கும் தகுதி பெறாத வைத்தியரோ எந்நேரமும் கிடைக்கிறார், ஊசி போடுகிறார், பணத்தைப் பின்னர் வாங்கிக் கொள்கிறார். முதல் நாளில் அக்குடும்பம் அவரிடம் செல்வது அதன் கணக்கில் அறிவுக்குப் பொருந்திய முடிவேயாகும். ஊசியால் காய்ச்சல் சற்றுத் தணிகிறது, இரண்டு நாட்கள் கழிகின்றன, நோய் முற்றுகிறது. முதல் நாளில் ஒரு மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய செலவு, ஐந்தாம் நாளில் நிலத்தை அடகு வைக்கும் செலவாகிறது. அரசுக்கும் அவ்வாறே, சுகாதார நிலையத்தில் மிச்சப்படுத்திய சிறுதொகை, மாவட்ட மருத்துவமனையில் பன்மடங்காகச் செலவாகிறது.

ஆகவே குடும்பத்தின் கணக்கை மாற்றும் வகையில் சேவையை அதன் வாயிலுக்கே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆஷா பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். 2011ஆம் ஆண்டு முதல் அவர்கள் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சென்று பார்க்கும் முறை ஏற்பட்டது. வீட்டிலேயே பிறந்த குழந்தையை முதல் நாளிலும் பார்க்கின்றனர். மலேரியா மிகுந்த பகுதிகளில் விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் நோயை அறியும் கருவியும் அவர்களிடம் தரப்பட்டுள்ளது. ஒடிசாவின் மலை மாவட்டங்களில் எட்டாத ஊர்களுக்கே சென்று பரிசோதித்து, அங்கேயே சிகிச்சை தரும் திட்டமும் கொசுவலை வழங்கலும் சேர்ந்து பெரும் பயன் விளைவித்தன. 2016ஆம் ஆண்டில் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த அம்மாநில மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை, 2018ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்துக்கும் கீழே வந்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய படிப்பினையும் நினைவுகூரத் தக்கது. 1947ஆம் ஆண்டளவில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டது. 1965ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. வெற்றி கிட்டிவிட்டதென விழிப்புத் தளர்ந்தது. கொசுக்கள் பூச்சிமருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. 1976ஆம் ஆண்டில் நோயாளிகள் 64 இலட்சத்தை எட்டினர். எண்ணிக்கை குறைந்த ஆண்டே கண்காணிப்பு மிகுதியாக வேண்டிய ஆண்டு. கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கும் ஒடிசாவுக்கும் இது பொருந்தும்.

அலுவலரும் மாணவரும்

வட்டார அளவிலான ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பட்டன என்பவை கேட்கப்படுகின்றன. அவற்றுடன் வேறு சில வினாக்களும் கேட்கப்பட வேண்டும். ஆஷா பணியாளரின் வெப்பமானி வேலை செய்கிறதா? சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான மருந்துகள் மழைக்காலம் தொடங்குமுன் வந்து சேர்ந்தனவா? இரவில் ஆம்புலன்சை அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறது? பணியாளருக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகை நிலுவையின்றி வழங்கப்பட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த மாதம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் காய்ச்சல் தொடங்கிய நாள் எது, முதன்முதலில் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்த நாள் எது? இவ்விரு தேதிகளையும் பதிவேட்டில் எழுதுவதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அவற்றுக்கிடையே உள்ள நாட்களின் எண்ணிக்கை எந்த ஊரில் கூடுகிறதோ, அந்த ஊரே நிர்வாகத்தின் கவனத்துக்குரிய ஊர்.

பொருளாதாரமும் சமூகப்பணியும் பயிலும் மாணவர்கள் தங்கள் கள ஆய்வில் இதே இடைவெளியை ஆராயலாம். அந்நாட்கள் எங்கே கழிந்தன என்பதை ஒரு தாயிடம் பொறுமையுடன் கேட்டறிந்தால், சாலை, கூலி, கடன், பெண் கல்வி, அரசின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கை ஆகிய அனைத்தும் அந்த விடைக்குள் அடங்கியிருப்பதை அவர்கள் காண்பர்.

உரையின் தொடக்கத்தில் கூறப்பட்ட அத்தாய், அபாய அறிகுறிகள் நான்கையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். அழைத்த குரலுக்குக் கதவைத் திறக்கும் பணியாளர் ஒருவர் அதே ஊரில் இருத்தல் வேண்டும். அப்பணியாளரின் பையில் வெப்பமானியும் மருந்தும் இருத்தல் வேண்டும். அவர் அனுப்பும் குழந்தையை ஏற்றுச் சிகிச்சை தர ஒரு நிலையம் எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும். இந்நான்கும் தனித்தனியே பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நான்கும் ஒரே இரவில், ஒரே ஊரில் ஒருங்கே அமையுமாறு செய்வதே நிர்வாகத்தின் கடமை.